பெயர் கேட்டுப் போன ஜீப்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். பாலக்காட்டு நல்லேப்பிள்ளிக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட நூலகத்தில் அலமாரிகளைக் காலி செய்து துடைத்துக்கொண்டிருந்தோம். தூசிக் கையோடு நின்றபோது போன் அடித்தது. திரையில் ‘செல்வி அக்கா பீர்மேடு’ என்று இருந்தது. முந்தின நாள் அவர் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு குடும்பத்தைத் தேடிக் கையெழுத்து வாங்கப் போயிருந்தார். அதனால் எடுத்த எடுப்பிலேயே, “ஏனுங்க்கா, கெடச்சுதுங்களா?” என்று கேட்டேன்.

மறுமுனையில் வந்தது ஓர் ஆண் குரல்.

“டீச்சர், நான் தாசன் பேசுதேன். செல்வி வீட்டுக்காரன். காலையில கட்டன் டீ போட்டுக் குடிச்சா. நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு கட்டில்ல சாஞ்சா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே போயிட்டா.” அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். “அந்தக் கையெழுத்து கெடச்சிட்டு டீச்சர். பையில பத்திரமா இருக்கு. உங்ககிட்ட சேக்கணும்னு நேத்து பூரா சொல்லிக்கிட்டே இருந்தா.”

அடக்கத்தன்று அந்தத் தாளை வாங்கிக்கொண்டேன். அந்தக் குடும்பத்தின் பக்கம் இப்போது எங்கள் மின்நூலகத்தில் இருக்கிறது.

ஞானசெல்வி அக்காவை உங்களில் பலர் ஜீப் டிரைவராக அறிவீர்கள். கணவர் முதுகில் அடிபட்டு ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் ஆன வருடம், அதே வண்டியை எடுத்துக்கொண்டு பீர்மேடு ஸ்டாண்டுக்கு வந்தவர். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஆட்களையும் அரிசி மூட்டைகளையும் பிரசவ வலி கண்ட பெண்களையும் ஏற்றி இறக்கியவர். ஐம்பத்தாறு வயது. வேறு சிலர் அவரைப் பார்த்ததே இல்லை. வேதத்திலும் கிறிஸ்தவ வரலாற்றிலும் வரும் பெண்களைப் பற்றி நாங்கள் கட்டிய மின்நூலகத்தில், ‘தொகுப்பு: ஞானசெல்வி, ஜெசிந்தா’ என்று பக்கத்துக்குப் பக்கம் படித்திருப்பீர்கள். அந்த ஜெசிந்தா நான். இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். இருவருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். துக்கத்தோடுதான் உட்கார்ந்தேன். ஆனால் எழுதத் தொடங்கினால் அவரோடு ஓடிய ஓட்டம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அது வருகிற வேகத்திலேயே எழுதிவிடுகிறேன்.

என் பெரியப்பா பேத்தியின் கல்யாணத்துக்குப் பீர்மேடு போயிருந்தேன். பாலக்காட்டு வெயிலிலிருந்து போனவளுக்கு அங்கே விரல் விறைத்தது. பஸ்ஸைத் தவறவிட்டு ஸ்டாண்டில் நின்ற ஜீப்பில் ஏறினால், முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். மடியில் வேதப் புத்தகம், அதன்மேல் நீளமான நோட்டு.

“ஏனுங்க்கா, வண்டிக் கணக்குங்களா?” என்று கேட்டேன்.

“கணக்கில்ல, பொம்பளைக” என்றார் அவர், தலை நிமிராமல். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “வண்டி நெறையற வரைக்கும் ஆம்பளை டிரைவர்க சீட்டு வெளையாடுவாக. நான் இதுல உக்காந்துருவேன். முதல் அதிகாரத்துல இருந்து ஒவ்வொரு பொம்பளையா எழுதிக்கிட்டு வாரேன்.”

நோட்டை வாங்கிப் புரட்டினேன். மூன்று கட்டங்கள். பேர், எங்கே வருகிறார், என்ன செய்தார். முதல் கட்டத்தில் பல இடங்களில் எழுத்துக்குப் பதிலாக ஒரு சின்ன வட்டம் மட்டும் இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

“பேரு எழுதாம விட்ட ஆளுக. தொடக்கத்துலயே ஆரம்பிச்சிருது. நோவா பெஞ்சாதிக்குப் பேரு கெடையாது. மகன்மாரு பேரு பூரா இருக்கு. அத்தன மிருகத்துக்கும் அத்தன நாளு தீனி வச்சது யாராம்?”

நான் பதினேழு வருடமாகப் புத்தகங்களுக்கு அட்டவணை போடுகிறவள். அந்த நோட்டு ஒரு அட்டவணை. முறையாகப் படித்தவர்கள் செய்ததில்கூட இவ்வளவு தெளிவானதை நான் பார்த்ததில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் வண்டி நின்றது. எனக்கு இறங்க மனம் வரவில்லை. மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். நான் முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்து, நோட்டின் கடைசிப் பக்கம்வரை கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. என் பெரியம்மா அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

ஒரு மாதம் கழித்து அக்கா பஸ் மாறி மாறிப் பாலக்காட்டுக்கு வந்து இறங்கினார். டவுனில் ஷாகுல் பாய் கடைக்கு அழைத்துப் போனேன். நகல் எடுப்பது, கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது, இணையதளம் அமைத்துக் கொடுப்பது எல்லாம் அங்கே உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் செய்து கொடுத்தார். நான் திட்டத்தைச் சொன்னேன். வேதத்தில் வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பக்கம். அவளைப் பற்றித் தமிழிலும் மலையாளத்திலும் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்ற தகவல். பிறகு, வேத காலத்துக்குப் பின் சபைகளில் உழைத்த பெண்கள். யார் வேண்டுமானாலும் போனிலேயே தேடிப் படிக்கலாம்.

முதல் நாளே தகராறு வந்தது. நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் விவிலியத்தில் தெபோரா. அக்கா சபையின் வேதத்தில் தெபொராள். எங்களுக்கு மரியா, அவர்களுக்கு மரியாள். தலைப்புக்கு எந்தப் பெயரை வைப்பது என்று நான் நூலக விதிகளைச் சொல்லிக் குழப்பிக்கொண்டிருந்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

“டீச்சர், நான் ஸ்டாண்டுல செல்வி. சபையில ஞானசெல்வி. ரேஷன் கார்டுல தாசன் பெஞ்சாதி. ஆளு ஒண்ணுதான? எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஆளு திரும்பிப் பாக்கணும். அம்புட்டுதான்.”

ஷாகுல் பாய் உடனே விசைப்பலகையை இழுத்துப் போட்டு அப்படியே செய்துவிட்டார். எங்கள் நூலகத்தில் எந்தப் பெயரைத் தட்டினாலும் அந்தப் பெண் வந்து நிற்பாள்.

அன்று மத்தியானம் பாயின் மனைவி ஜமீலா டீ கொண்டுவந்தார். திரையில் ஆகாரின் பக்கம் திறந்திருந்தது. நின்று படித்தார். “இது எங்க ஹாஜரா அம்மா கதையாச்சே. பிள்ளைக்குத் தண்ணி தேடி ரெண்டு குன்னுக்கு நடுவுல ஏழு தடவ ஓடுனாங்க.”

அக்கா நாற்காலியோடு திரும்பினார். “உங்கள்ல ஓடுறாகளா? எங்களுக்கு அழுதுக்கிட்டு உக்காந்திருக்காக.”

“எங்களுக்கு ஓட்டம்தான்.”

“ஓடித்தான் இருப்பா. பிள்ள தாகத்துல கெடந்தா எந்தத் தாயிக்கு உக்கார முடியும்?” என்று சொல்லிக்கொண்டே நோட்டை எடுத்து, ‘இவர் ஓடினார் என்று ஜமீலா சொல்கிறார்’ என எழுதினார். அந்த வரி ஆகாரின் பக்கத்தில் இன்றைக்கும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஜமீலாவின் சொந்தக்காரப் பெண்கள் எங்களுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்திருக்கிறது.

வேதத்துப் பெண்களை முடிக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. பிறகுதான் சாந்தாயி அம்மாளின் நோட்டுகள் வந்தன.

முந்தைய தலைமுறையில் தோட்டத்துச் சபைகளில் ‘வேதாகம ஸ்திரீ’ என்று ஒரு வேலை இருந்தது. லயம் லயமாக நடந்து போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவது, அப்படியே எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது, பிரசவத்துக்கும் சாவுக்கும் கூட இருப்பது. சபைப் பதிவேடுகளில் இவர்களைப் பற்றி அநேகமாக ஒரு வரிகூட இருக்காது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடம் இந்த மலைகளில் நடந்த சாந்தாயி அம்மாள், தான் பார்த்த பெண்களைப் பற்றி நோட்டுகள் எழுதி வைத்திருந்தார் என்று அக்காவின் ஜீப்பில் ஏறிய யாரோ சொல்லியிருக்கிறார்கள். நோட்டுகள் அவருடைய மகள் எலிசபெத்திடம், சின்னக்கானலில் இருப்பதாகவும், அந்தம்மாள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று லயத்து வீட்டைக் காலி செய்து பழைய தாள்களை எரித்துக்கொண்டிருப்பதாகவும் தகவல். அக்கா எனக்குப் போன் செய்தபோது ஜீப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. “நீங்க மூணாறு வழியா வந்துருங்க டீச்சர். நான் பூப்பாறை வழியா வந்துருதேன். யாரு முன்னாடி போறாகளோ அவுக அடுப்பத் தடுக்கணும்.”

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது எலிசபெத் அம்மாவின் வீட்டில் பாதிச் சாமான் கட்டியிருந்தது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து ஒரு தகரப் பெட்டியின்மேல் கையை வைத்திருந்தார்.

“எங்கம்மா சாகும்போது, எலிசா, இத எரிச்சிரு, யார்கிட்டயும் குடுக்காதன்னு சொன்னாக” என்றார் எலிசபெத் அம்மா. “எரிக்கவும் மனசு வரல. வாசிக்கவும் பயம். இருபது வருசமா கட்டிலுக்கு அடியில கெடக்கு. இப்பப் போற எடத்துல வைக்க வசதியில்ல. இன்னைக்கு எரிச்சிரலாம்னுதான் இருந்தேன்.”

“ஏன் எரிக்கச் சொன்னாக?” என்று அக்கா கேட்டார்.

“ஊர்ப் பொம்பளைக மனசு விட்டுச் சொன்னது பூரா இதுல இருக்கும்மா.”

கடைசியில் எலிசபெத் அம்மா பெட்டியைத் தந்தார். ஒரே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்: இதனால் யாருக்கும் தலைகுனிவு வரக்கூடாது. ஏழு நோட்டுகள். பொடிப் பொடியான, அழகான கையெழுத்து. பூப்பாறைவரை நான் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வளைவுகளில் அக்கா ஒவ்வொரு தடவையும், “பிள்ளையப் புடிச்சிக்கிட்டீங்களா?” என்று கேட்டார்.

கோடை விடுமுறை. ஷாகுல் பாய் கடையின் பின்னறையில் உட்கார்ந்து இரண்டு வாரத்தில் ஏழு நோட்டையும் ஸ்கேன் செய்து முடித்தேன். பசி தெரியவில்லை. முப்பது வருடத்துத் தோட்டத்துப் பெண்கள், பெயரோடும் ஊரோடும், என் கண் முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். எந்தச் சபை வரலாற்றிலும் இல்லாதவர்கள். அடுத்த நாள் எல்லாவற்றையும் வெளியிட்டுவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

“வேண்டாம் டீச்சர்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. நூலகம் என்றால் திறந்திருக்க வேண்டும், இத்தனை காலம் மூடி வைத்ததுதான் அநியாயம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

“அவுக சாந்தாயி அம்மாகிட்டச் சொன்னாக. உங்ககிட்டயும் எங்கிட்டயும் சொல்லல. நாம போய்க் கேக்கணும்.”

“நாப்பத்தி மூணு பேருங்க்கா. பாதிப் பேர் உசுரோடவே இருக்க மாட்டாங்க. எங்கேன்னு போயித் தேடறதுங்க?”

“எங்கிட்ட ஜீப்பு இருக்கு” என்றார்.

நான் போனை வைத்துவிட்டேன். மூன்று வாரம் பேசவில்லை. படிப்பில்லாதவர், பயப்படுகிறார் என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததை இங்கே எழுதுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் அவர் செய்தது என்ன என்று உங்களுக்குத் தெரியாது.

பிறகு ஒரு நாள் மூன்றாவது நோட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒரு பெண் தன் நான்காவது குழந்தையைப் பிள்ளையில்லாத பக்கத்து லயத்துக்காரிக்குக் கொடுத்துவிட்டதும், அது யாருக்கும் தெரியக்கூடாது என்று இருவரும் சாந்தாயி அம்மாளின் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியதும் அதில் இருந்தது. குழந்தையின் பெயரும் இருந்தது. அந்தக் குழந்தைக்கு இப்போது என் வயது இருக்கும். எங்கேயோ இருக்கிறார். நான் வெளியிட்டிருந்தால் அதைத் தன் போனில் படித்திருப்பார்.

மறுநாள் காலை பீர்மேட்டுக்குப் பஸ் ஏறினேன். ஸ்டாண்டில் அக்கா என்னைப் பார்த்ததும், “வந்துட்டீங்களா, ஏறுங்க” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எந்த எஸ்டேட் எந்தப் பாதையில் இருக்கிறது என்று அவர் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தார். அந்தச் சத்தியத்துப் பக்கம் இன்றுவரை பூட்டியே இருக்கிறது. அந்தக் குடும்பத்தைத் தேடவும் இல்லை. தேடிப் போவதே அந்தச் சத்தியத்தை உடைப்பதுதான் என்றார் அக்கா.

அதற்குப் பிறகு வந்த பதினோரு மாதம்தான் என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த காலம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. நான் வெள்ளிக்கிழமை சாயங்காலமே பஸ் ஏறிவிடுவேன். அக்கா ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: எந்தக் குடும்பத்துக்குப் போகிறோமோ அந்தக் குடும்பத்தின் பக்கத்தை மட்டும் அவரிடம் தர வேண்டும், மற்றதை அவரும் படிக்க மாட்டார். மலையாளத்தில் ‘சம்மதபத்திரம்’ என்று தலைப்புப் போட்டு, கீழே தமிழில் நாலு வரி அச்சடித்து எடுத்துப் போனோம். ஒரு லயத்தில் விசாரித்தால் அவர்கள் தேனிக்குப் போய்விட்டார்கள் என்பார்கள். இன்னொரு இடத்தில் மகள் வழியில் ஒருவர் ஏலத்தோட்டத்தில் இருக்கிறார் என்பார்கள். ஒவ்வொரு குடும்பமாகக் கிடைக்கும்போது எங்களுக்கு வந்த குதூகலத்தைப் பார்த்து, ஏதோ லாட்டரி விழுந்திருக்கிறது என்று ஒரு டீக்கடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

நோட்டில் இருந்தவர்களில் எண்பதைத் தாண்டிய ஒருவர் உயிரோடே இருந்தார். அவருடைய பெயரை நான் எழுதமாட்டேன். பக்கத்தை வாசித்துக் காட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, “நான் வாசிக்கப் படிச்சதப் போடுங்க. வீட்டுக்காரரு என்னைய அடிச்சதையும் போடுங்க. பேரு மட்டும் வேண்டாம்” என்றார்.

திரும்பி வரும் வழியில் நான் சொன்னேன், வேதத்தில் பெயரில்லாமல் வரும் பெண்களோடு இவரையும் சேர்த்துவிடலாம் என்று. அக்கா வேகமாகத் தலையை ஆட்டினார்.

“அது வேற, இது வேற டீச்சர். அவுகளுக்கும் பேரு இருந்துச்சு. எழுதுனவுக கேக்கல. இவுககிட்ட நாம கேட்டோம். இவுக வேண்டாம்னாக. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?”

அந்தச் சனிக்கிழமைதான் எங்கள் நூலகத்தில் இரண்டு தலைப்புகள் உண்டாயின. ‘பெயர் கேட்கப்படாதவர்கள்’ என்று ஒன்று. ‘பெயர் தர விரும்பாதவர்கள்’ என்று ஒன்று. நூலகத் துறையில் உள்ள நண்பர்கள் பலர் இந்தப் பாகுபாட்டை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பீர்மேட்டு ஜீப் டிரைவர் ஒருவர், மூன்றாவது கியரில் ஏற்றம் ஏறிக்கொண்டே சொன்னது அது.

இப்போது ஆறாவது நோட்டுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

மழை விட்ட ஒரு காலை ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். அடுத்து யாரைத் தேடுவது என்று பார்த்துக்கொண்டே, “தங்கபாய்ன்னு ஒருத்தருங்க்கா. இவங்க ஆளுகள உங்களுக்குத் தெரியுங்களா?” என்று கேட்டேன்.

“எந்த எஸ்டேட்டு?”

எஸ்டேட்டின் பெயரைச் சொன்னேன்.

“வீட்டுக்காரர் பேரு இருக்கா?”

“யேசுவடியான்னு போட்டிருக்குதுங்க.”

பிரேக் விழுந்து நான் முன்னால் போய் முட்டிக்கொண்டேன். அக்கா பாதையைப் பார்த்தபடியே சொன்னார்: “அது எங்க அம்மை.”

இரண்டு வருடத்துக்கு மேலாகப் பெண்களின் பெயர்களைத் தேடி அலைந்தவள் நான். பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டியவரின் அம்மா பெயர் என்ன என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பக்கத்தை அவர் கையில் கொடுத்தேன். சாந்தாயி அம்மாள் நாலே வரி எழுதியிருந்தார். தங்கபாய்க்கு முதல் குழந்தை பெண். லீதியாள் என்று பெயர் வைத்தவர் சாந்தாயி அம்மாள்தான். பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தது. அந்த வாரமே தங்கபாய் எழுதப் பழக வந்தாள். வேறு எதுவும் வேண்டாம், பிள்ளையின் பேரை மட்டும் எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டாள். நாலு வரிக்கும் கீழே, வேறொரு கை, பெரிய பெரிய கோணல் எழுத்தில், ‘லீதியாள்’ என்று எழுதியிருந்தது. ‘ள்’ மேல் புள்ளி தாளைக் கிழித்திருந்தது.

அக்கா அந்த ஒரு சொல்லைத் தடவித் தடவிப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு பரவிக்கொண்டு வந்தது.

“டீச்சர், எங்க அம்மை சாகுற வரைக்கும் ரேகைதான் வச்சா. வேலைக்கு வந்த மஸ்டர் பதிவுலயும் ரேகை, பென்ஷனுக்கும் ரேகை. அவளுக்கு எழுதத் தெரிஞ்சிருக்கு.” தாளை மடியில் வைத்துக்கொண்டு, “எனக்கு ஒரு அக்கா இருந்திருக்கா” என்றார்.

அன்று நாங்கள் வேறு எங்கும் போகவில்லை. ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்து, சீட்டு விளையாடிக்கொண்டிருந்த டிரைவர்களிடம் சொன்னார். டீக்கடையில் சொன்னார். காய்கறிக் கடையில் சொன்னார். வீட்டுக்குப் போய்த் தாசன் அண்ணனைக் கட்டிலில் நிமிர்த்தி உட்கார வைத்துச் சொன்னார். திருப்பூரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டு, “லேய், நமக்கு ஒரு அக்கா உண்டும்டா” என்றார். பிறகு கைகால் கழுவிவிட்டு வந்து, இரண்டு சம்மதபத்திரம் கேட்டார். ஒன்றில் அம்மாவுக்காக மகள் என்று கையெழுத்துப் போட்டார். இன்னொன்றில், லீதியாளுக்காகத் தங்கச்சி என்று போட்டார். “அவ என்னவிட மூத்தவ. மரியாதையா எழுதுங்க” என்றார்.

வேதத்தில் ஒரு லீதியாள் உண்டு. ஆற்றங்கரையில் சொன்ன செய்தியைக் கேட்டவர், இரத்தாம்பரம் என்ற ஊதாத் துணி விற்றவர். இப்போது எங்கள் நூலகத்தில் அந்தப் பெயரைத் தேடினால் இருவரும் வருவார்கள். அக்காவின் சபைப் போதகருக்கு இது உறுத்தலாக இருந்தது. நல்ல மனிதர், நேரில் கூப்பிட்டே கேட்டார். நானும் இருந்தேன்.

“செல்வி, வேதத்துல உள்ள லீதியாளும் இந்தப் பச்சப் பிள்ளையும் ஒரே பக்கத்துல வாரது சரிதானா?”

“ஐயா, இந்தப் பிள்ளைக்கு அந்தப் பேர வச்சது நம்ம சபை ஊழியக்காரி சாந்தாயி அம்மாதான. வைக்கும்போது சரின்னா எழுதும்போதும் சரிதான?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகரே தங்கபாயின் பெயரையும் லீதியாளின் பெயரையும் வாசித்தார். சாந்தாயி அம்மாளின் பெயரையும் சேர்த்து வாசித்தார். சபையில் தன் அம்மாவின் பெயர் சத்தமாக ஒலித்தது அதுதான் முதல் தடவை என்று எலிசபெத் அம்மா என்னிடம் சொன்னார். அதைக் கேட்பதற்காகவே அவர் மகன் வீட்டிலிருந்து வந்திருந்தார்.

ஏழு நோட்டில் நாற்பத்து மூன்று பெண்கள். முப்பத்தொரு பேரின் குடும்பத்தைக் கண்டுபிடித்தோம். ஆறு குடும்பங்கள் வேண்டாம் என்றன. வேண்டாம் என்றவர்கள் வீட்டிலும் அக்கா டீ குடித்துவிட்டுத்தான் கிளம்பினார். இன்னும் கண்டுபிடிக்க வேண்டியவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அவருடைய நீள நோட்டின் நிரப்பாத கடைசிப் பக்கங்களும் இருக்கின்றன. ஜீப்பை இப்போது தாசன் அண்ணனின் தம்பி மகள் ஓட்டுகிறாள். சனிக்கிழமைகளில் என்னை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது எது என்று யோசித்துப் பார்த்தேன். அட்டவணை வேலை எனக்கு முன்பே தெரியும். துணிச்சல் எனக்கு அவ்வளவாக வரவில்லை. ஒரு பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். பாதையில் யாரிடமாவது எதையாவது கேட்க நிறுத்தினால், அது அரை நிமிடப் பேச்சாக இருந்தாலும், அக்கா சாவியைத் திருகி வண்டியை அணைத்துவிடுவார். அந்தக் குளிரில், அந்த ஏற்றத்தில், பழைய வண்டி மறுபடி கிளம்புவது பெரிய பாடு. எதற்கு இந்த வேலை என்று நான் ஒரு தடவை அலுத்துக்கொண்டேன். “இஞ்சின் ஓடிக்கிட்டிருந்தா, இவுக போகப் போறாகன்னு அவுகளுக்குத் தோணும் டீச்சர். அப்புறம் சுருக்கமாச் சொல்லி முடிச்சிருவாக” என்றார்.

நேற்று நூலகத்தில் வேலை மும்முரமாக இருந்தபோது அறிமுகமில்லாத எண்ணிலிருந்து ஒரு பெண் அழைத்தார். சின்னக்கானலில் இருந்து பேசுவதாகவும், யாரோ இந்த எண்ணைக் கொடுத்ததாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் மடிக்கணினியை மூடினேன். மின்விசிறியை நிறுத்தினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“சொல்லுங்க்கா. எனக்கு வேற வேலை ஏதுமில்லீங்க.”

அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. பிறகு அவர் தன் அம்மாவின் பெயரிலிருந்து தொடங்கினார்.